தில்லிக்குப் போன பல் செட்

போன மாதம் எங்கள் பழைய கிளினிக்கில் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மேற்குத் தாம்பரம் போயிருந்தேன். பேனா மாதிரி ஒன்றை வாய்க்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஈறு, அண்ணம், பல் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் வந்து நிற்கிறது. பசையைக் குழைத்து வாய்க்குள் அப்பி, நோயாளிக்கு ஓங்கரிப்பு வராமல் காப்பாற்றுகிற வேலையெல்லாம் போயே போச்சு. எனக்கு ஒரே குஷி. என் வாயையே காட்டி, இன்னொரு தடவை எடும்மா, இன்னொரு தடவை எடும்மா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கே இப்போது லேபைப் பார்த்துக்கொள்ளும் பெண், "அங்கிள், உங்க சர்வீஸ்லயே ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு வந்து புரையேறி, அவள் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது முடித்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சாகுல் ஹமீது. பல் டெக்னீஷியன். டாக்டர் வாயில் அச்செடுத்துக் கொடுப்பார். அதை வைத்துப் பல் செட் செய்வது என் வேலை. அத்தாவுக்குப் பல்லாவரத்தில் தோல் வியாபாரம். அந்த வாடை தாங்காமல் நான் மெழுகையும் பிளாஸ்டரையும் தேடி ஓடினேன். ஒரு டிப்ளமா, அதன் பிறகு சைதாப்பேட்டையில் ஒரு லேபில் பிறர் செய்த பற்களுக்குப் பாலிஷ் போட்டே கழிந்த இளமை. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. கதை தொடங்குவது நான் டாக்டர் எஸ்தரிடம் வந்து சேர்ந்த பிறகுதான்.

டாக்டர் எஸ்தரின் அப்பா, அம்மா இருவரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். அவருக்கும் அந்தக் கண்டிப்பு அப்படியே இருந்தது. குரலை உயர்த்தவே மாட்டார். நான் செய்த பல் செட்டைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் மெதுவாகத் தேய்த்துப் பார்ப்பார். கையில் உறுத்தாதது வாயிலும் உறுத்தாது என்பது அவர் கணக்கு. சரியில்லை என்றால் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுவார். அந்த 'டொப்' சத்தம் கேட்டால் நான் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். சரியாக இருந்தால்? அப்போதும் ஒரு வார்த்தை கிடையாது. "நெக்ஸ்ட் பேஷண்ட்" என்பார். அதுதான் எனக்குப் பாராட்டு.

எல்லா மாதிரியும் நோயாளிகள் வந்தார்கள். கோவளத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார். படகில் குமட்டல் வந்து, வாயைத் திறந்ததும் பல் செட் கடலுக்குள் போய்விட்டது. அடுத்த செட்டை ஒரு கயிறு கோக்க ஓட்டை வைத்துச் செய்து தரச் சொன்னார், கழுத்தில் கட்டிக்கொள்வாராம். டாக்டர் சிரிக்காமல், "ஓட்டை வெச்சா காத்து போகும், பிடிக்காது" என்று விளக்கினார். "அப்ப மீனு போட்டுக்கட்டும்மா" என்று அவர் போய்விட்டார். இப்படி எத்தனையோ. ஆனால் தணிகாசலம் ஐயாவுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது.

தெருவில் இறங்கினால் பாதிப்பேர் கையில் செல்போன் இருந்த, மீதிப்பேர் அதை வேடிக்கை பார்த்த காலம் அது. ஒரு காலை கிளினிக் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி அலமேலு அம்மா. ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் மடித்த கைக்குட்டை. படியேறி வந்ததும் தூக்கைத் திறந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு உருண்டை கொடுத்தார்.

"இவருக்கு தில்லியில அவார்டு குடுக்குறாங்கம்மா! ஜனாதிபதி கையால! நாயனத்துக்காக!"

நாங்கள் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே இரண்டு பற்கள்.

"அந்தச் சந்தோஷத்துல இது ரெண்டும் போச்சும்மா."

நடந்தது இதுதான். முடிச்சூரில் வயலெல்லாம் பிளாட்டாக மாறிக்கொண்டிருந்த ஒரு தெருவில் அவர்கள் வீடு. தணிகாசலம் ஐயா சிங்கப்பெருமாள் கோவில் உற்சவங்களில் வாசித்தே பெயர் எடுத்தவர். சாஸ்திரிய இசைக்கும் நடனத்துக்கும் நாடு முழுவதிலிருந்தும் சிலரைப் பொறுக்கியெடுத்துத் தருகிற அந்தத் தேசிய விருது அவருக்கு என்று செய்தி வந்ததும், அலமேலு அம்மா சந்தோஷத்தில் பொருள்விளங்கா உருண்டை பிடித்திருக்கிறார். கல் மாதிரி இறுகிப்போகும் அந்தப் பண்டத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஐயாவுக்கு மேல்வரிசையில் மிச்சமிருந்ததே முன்பற்கள் நான்கு. அவற்றில் இரண்டு முதல் கடியிலேயே உருண்டையோடு போய்விட்டன.

டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்துப் பார்த்தார். மிச்சமிருந்த இரண்டும் விரல் பட்டாலே ஆடின.

"இதையும் எடுக்கணும் ஐயா. ஈறு ஆறின பிறகு மேல் வரிசைக்கு முழு செட் வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கிட்டா வாசிக்க முடியுமாம்மா?"

டாக்டர் பொய் சொல்ல மாட்டார். "தெரியலை ஐயா."

பெரியவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அவார்டு வாங்குறவங்க எல்லாரும் அங்க ஒரு நாளு வாசிக்கணும்மா. ஆட்டக்காரங்க ஆடிக் காட்டணும், பாடுறவங்க பாடணும். நான் போயி சால்வையை மட்டும் போத்திக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

"பார்ப்போம்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸ்டர் ஹமீது, பார்ப்போம்" என்று மறுபடியும் சொன்னார். எனக்கு மிஸ்டர் போட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

ஈறு ஆறியது. முதல் செட்டை என் உயிரைக் கொடுத்துச் செய்தேன். மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, வரிசை பார்த்து, பித்தளை அச்சுப் பெட்டியில் அடைத்து வேகவைத்து, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். டாக்டரின் மணிக்கட்டில் அது வழுக்கிக்கொண்டு போனது. ஐயா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. இப்படிச் சிரித்தார், அப்படிச் சிரித்தார். "அலமேலு, இங்க பாரு, கல்யாணத்துல நான் இப்படி இருந்திருக்கணும்!"

"இருந்திருந்தா எங்கப்பா சந்தேகப்பட்டுப் பொண்ணே குடுத்திருக்க மாட்டாரு" என்றார் அலமேலு அம்மா.

அடுத்த நாள் நாகஸ்வரத்தைக் கொண்டுவந்தார். குழலின் நுனியில் செருகுகிற அந்தச் சின்ன நாணல் சீவாளியை உதட்டில் பொருத்தி, மூச்சை இழுத்து ஊதினார். ஒரு கணம் கம்பீரமாக ஒரு சத்தம். அடுத்த கணம் 'பளக்'. அவர் பதறி வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். சீவாளியைக் கவ்வியபடி பல் செட்டும் கூடவே வெளியே வந்துவிட்டது. நாகஸ்வரம் எங்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

முதலில் அலமேலு அம்மா சிரித்தார். பிறகு ஐயா பொக்கை வாயோடு சிரித்தார். டாக்டர் எஸ்தர் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் இரண்டும் குலுங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

அவர் திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது. "ஹமீது, நாம வாய் சும்மா இருக்கும்போது அச்செடுத்தோம். இவர் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஊதும்போதே எடுக்கணும்."

அப்படி யாரும் எடுத்ததாக எனக்குத் தெரியாது. செட்டின் விளிம்பெல்லாம் இளஞ்சூட்டில் மெழுகு வைத்து வாயில் பொருத்தினோம். அது இறுகுவதற்குள் அவர் வாசிக்க வேண்டும். உதடும் கன்னமும் எங்கெங்கே அழுத்துகிறதோ அங்கெல்லாம் மெழுகு வளைந்து கொடுக்கும். நான் செட்டைக் கட்டை விரலால் தாங்கிப் பிடித்துவிட்டுச் சட்டென்று கையை எடுக்க வேண்டும், அவர் ஊத வேண்டும். இடம் பத்தாமல் நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பக்கத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டினோம்.

அதுதான் தப்பாகப் போயிற்று. தெருவே மேலே பார்த்தது. கீழே ஸ்டாண்டிலிருந்த ஆட்டோக்காரர் பாபு பாதிப் படி ஏறிவந்து கத்தினார்: "இன்னா டாக்டரம்மா! பல்லு புடுங்கறதுக்கு மேளமா? சொல்லவே இல்ல!"

வரவேற்பறையில் இருந்த ஒரு அம்மா, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று உண்மையாகவே விசாரித்தார். டாக்டர் எட்டிப் பார்த்து, "சத்தம் போடாதீங்க, அச்சு எடுக்கறோம்" என்றார். "நாங்களா சத்தம் போடறோம்?" என்றார் பாபு.

அந்த அச்சில் செய்த செட் நன்றாகவே நின்றது. கீழ் ஸ்வரங்களுக்கு அசையவில்லை. ஆனால் மேல் ஸ்தாயிக்கு ஏறினால் உதட்டை இறுக்க வேண்டும். இறுக்கினால் முன்பக்கம் அழுந்திப் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. ஏறுவார், பஞ்சமத்தைத் தொடுவார், 'பளக்'. நான் தேய்த்துக் கொடுப்பேன். மறுபடி 'பளக்'. புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. அலமேலு அம்மா இப்போதெல்லாம் சிரிக்கவில்லை. வரவேற்பறையில் ஓரமாக உட்கார்ந்து, "நான்தான் அந்த உருண்டையைப் புடிச்சேன்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு மதியம் டாக்டர் அவரை ஊதச் சொல்லிவிட்டு முகத்துக்கு நேரே குனிந்து உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, உங்க உதடு இடது பக்கமா போயிட்டுப் போயிட்டு வருதே, ஏன்?"

பெரியவர் வாத்தியத்தைக் கீழே வைத்தார். கொஞ்சம் வெட்கம் மாதிரி இருந்தது. "அங்க ஒரு சாய்வு இருக்கும்மா. என் பழைய பல்லு ரெண்டும் உள்ளாற கோணிக்கிட்டு இருக்கும். சீவாளி வந்து அதுலதான் உக்காரும். இதுல எல்லாம் நேரா நிக்குது. உக்கார எடம் இல்ல, வழுக்குது."

"இதை ஏன் ஐயா முதல்லயே சொல்லலை?"

"கோணப் பல்லைப் போயி யாராச்சும் கேட்டு வாங்குவாங்களாம்மா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோணல் பற்களை நேராக்குவதற்காகவே வாழ்கிறவர் அவர். "ஜனாதிபதி முன்னாடி கோணல் பல்லோடயா நிப்பீங்க? பேப்பர்ல போட்டோ வரும் ஐயா. நாலு பேர் பார்த்தா, எந்த டாக்டர் செஞ்சதுன்னு கேப்பாங்க." சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஹமீது, ரெண்டு செட். போட்டோவுக்கு நேர்ப் பல். வாசிக்கக் கோணல் பல்."

என் வாழ்நாளில் வேண்டுமென்றே பல்லைக் கோணலாக நிறுத்தியது அந்த ஒரு தடவைதான். கை வரவில்லை. நான் கோணலாக வைப்பேன், என்னை அறியாமல் விரல் அதை நேராக்கிவிடும். கடைசியில் அலமேலு அம்மா என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க பாய். அது அவ்வளவு வேணாம். இந்தப் பக்கத்துப் பல்லு அதுமேல லேசா ஏறியிருக்கும். ஆங்... இன்னும் துளி..." மெழுகிலிருந்த பல்லை நான் ஊசி முனையால் அசைக்க, அவர் திடீரென்று கையைத் தட்டினார். "அய்யோ, இவருதான்! எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு!"

அந்த செட்டோடு ஐயா கிளினிக்கில் நின்று மேல் பஞ்சமத்தைத் தொட்டார். பல் அசையவில்லை. பாபு கீழேயிருந்து விசில் அடித்தார்.

இத்தோடு சுபம் என்று நினைத்தால், விமானம் ஏறுகிற அன்று காலையில் ஐயா வந்து நின்றார். கோணல் செட் ஈறில் ஓரிடத்தில் குத்துகிறதாம். நான் அதை வாங்கி உறுத்தின இடத்தைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, ஒரு சின்ன நீல டப்பாவில் வைத்தேன். அதுவரை அவர் நேர்ப் பல் செட்டைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் எல்லோருக்கும் சிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். யாரோ மாலை போட்டார்கள். யாரோ காலில் விழுந்தார்கள். கார் ஹாரன் அடித்தது. அத்தனை ஆரவாரத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். மேஜை மேல் நீல டப்பா இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

கூடப்போன தவில்காரர் ஏழுமலையின் செல்போனுக்கு அடித்தால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். டாக்டர் அவரிடம், "வாயை மூடிக்கோங்க, சாயங்காலம் வாங்க" என்றார். கோட்டைக் கழற்றவில்லை. ஸ்கூட்டி சாவியை எடுத்தார். "ஏறுங்க ஹமீது."

டாக்டர் எஸ்தர் ஓட்ட, வெள்ளைக் கோட்டு காற்றில் பறந்து என் முகத்தில் அடிக்க, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் போனேன். குரோம்பேட்டை வரும்போது ரோடு அடைத்துக்கொண்டது. பஸ், லாரி, எதுவும் நகரவில்லை. டாக்டர் ஸ்கூட்டியை நேராக ரயில்வே ஸ்டேஷனுக்குத் திருப்பினார். டிக்கெட் எடுத்து நாங்கள் நடைமேம்பாலம் ஏறி இறங்கவும் மின்சார ரயில் வரவும் சரியாக இருந்தது. பெட்டியில் உட்காராமல் கதவோரம் நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், "பல்லாவரம், அடுத்தது திரிசூலம், பல்லாவரம், அடுத்தது திரிசூலம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரிசூலத்தில் இறங்கி, ரோட்டைக் கடந்து, விமான நிலையத்துக்கு ஓடினோம். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் டிக்கெட் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே ரோஸ் நிற ஈறும் கோணல் பற்களும். அவர் ஒரு அடி பின்வாங்கினார். டாக்டர் தனக்குத் தெரிந்த இந்தியையும் இங்கிலீஷையும் கலந்து, விருது, ஜனாதிபதி, நாகஸ்வரம் என்று மூச்சு வாங்கச் சொன்னார். நாகஸ்வரம் புரியவில்லை என்றதும், அந்த டாக்டர் எஸ்தர், குரலே உயர்த்தாத டாக்டர் எஸ்தர், இரண்டு கையையும் குழல் மாதிரி வைத்துக்கொண்டு "பீப்பீ! பீப்பீ!" என்று வாசித்தே காட்டிவிட்டார்.

காவலர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வயர்லெஸ்ஸில் யாரையோ கூப்பிட்டார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், கொஞ்சமும் பிசிறில்லாமல் அறிவித்தது: "தில்லி செல்லும் பயணி திரு தணிகாசலம் அவர்கள், தங்களுடைய பற்களை நுழைவாயிலில் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்."

டிராலி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கழுத்தில் மாலையோடு ஐயா உள்ளேயிருந்து ஓடிவந்தார். மடியைத் தடவினார், பையைத் தடவினார், டப்பாவைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காவலர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி அவரிடம் கொடுத்தார்.

"ஐயா, போட்டோவுக்கு நேர்ப் பல், வாசிக்கக் கோணல் பல்!" என்று டாக்டர் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார். "மாத்திடாதீங்க!"

இரண்டு நாள் கழித்துக் காலைப் பேப்பரில் படம் வந்தது. ஜனாதிபதி பக்கத்தில் தணிகாசலம் ஐயா சால்வையோடு நிற்கிறார். நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். டாக்டரும் குனிந்து பார்த்தார். வாய் நிறையச் சிரிப்பு. சிரிப்பு நிறையக் கோணல் பல்.

"ஐயோ, நான் அவ்வளவு சொல்லியும்..." என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று மாலை கிளினிக் போன் அடித்தது. அலமேலு அம்மா, ஏழுமலையின் செல்போனிலிருந்து. டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டார். முதல் கேள்வியே, "அம்மா, ஏன் அந்தப் பல்லைப் போட்டுக்கிட்டார்?"

"நேத்து நேர்ப் பல்லைத்தாம்மா போட்டாரு. கண்ணாடியைப் பாத்துட்டு, 'அலமேலு, இந்த ஆளு ஒரு நாளும் வாசிச்சதில்லையே, இவனுக்கு எதுக்கு அவார்டு'ன்னு கழட்டி வெச்சுட்டாரும்மா. இருங்க, இருங்க, மேடைக்கு வந்துட்டாரு. போனைத் தூக்கிப் புடிக்கிறேன், கேளுங்க."

கரகரப்புக்கு நடுவில் தவில் கேட்டது. பிறகு நாகஸ்வரம். வரவேற்பறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே வந்தார்கள். சிகிச்சை நாற்காலியில் மரப்பு ஊசி போட்ட ஒருவர், பாதி உதடு தொங்க, தலையைத் தூக்கிக்கொண்டு கேட்டார். பாபுவும் படியேறி வந்து கதவில் சாய்ந்தார். ஐயா கீழே கொஞ்ச நேரம் உலவினார். பிறகு மெல்ல ஏற ஆரம்பித்தார். அந்த ஒவ்வொரு படியும் எனக்கும் டாக்டருக்கும் தெரியும். எந்த ஸ்வரத்தில் 'பளக்' என்று எங்களுக்கு மனப்பாடம். டாக்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரியாது.

மேல் பஞ்சமம். தொட்டார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். போனுக்குள்ளிருந்து எங்கள் கிளினிக் முழுக்க அந்த ஒற்றை ஸ்வரம் நிறைந்தது. பிறகு அதிலிருந்து உருண்டு உருண்டு கீழே இறங்கினார். மழை மாதிரி கைதட்டல்.

"கேட்டுச்சா பாய்? அசையலை! துளிகூட அசையலை!" என்று அலமேலு அம்மா கத்தினார்.

நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன், அல்லது சிரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எஸ்தர் போனைப் பறித்தார். தெருவுக்கே கேட்கிற குரலில் கத்தினார்:

"ஐயாகிட்ட சொல்லுங்க! இன்னொண்ணு வாசிக்கச் சொல்லுங்க!"

"அவரு மேடையில இருக்காரும்மா!"

"பரவாயில்லைம்மா, அங்கேயிருந்தே கத்துங்க!"